தனியே கற்றலும் கூடி வாழ்தலும்

"தானே படித்து முன்னுக்கு வந்தவர்" என்னும் பாராட்டுரையை நம் சமுதாயத்தில் அடிக்கடி கேட்கிறோம். பொன்னாடை போர்த்தும் மேடைகளிலும் இரங்கற் கூட்டங்களிலும் அது தவறாமல் ஒலிக்கிறது. அப்பாராட்டுக்கு உரியவர் பலர் நம்மிடையே வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவார் இலர். ஆயினும் அப்பாராட்டினுள் ஒரு வினா மறைந்து கிடக்கிறது. ஒருவர் தாமாகவே கற்றல் கூடுமா? கூடுமெனில், எல்லாவற்றையும் அவ்வாறு கற்றல் கூடுமா? சிறப்பாக, அரசியல், பொருளியல் ஆகிய இரு துறைகளும் மனிதர் கூடி வாழும் முறையைப் பற்றியவை. கூடி வாழ்தலைப் பற்றிய அறிவை ஒருவர் தனியறையில் அமர்ந்து பெற்றுவிட முடியுமா?

இவ்வினா எனக்கு வெறும் ஏட்டு வினா அன்று. நானும் ஒரு காலத்தில் தனித்தேர்வாளனாய் இருந்தவன். அந்நாளில் நான் செய்த ஒரு பிழை இன்றும் என் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது. அதைச் சொல்லுமுன், தனியே கற்றலின் பெருமையை முதலில் சொல்லிவிடுதல் முறையாகும்.

நம் நாட்டில் தனித்தேர்வாளர் மரபு நெடியது. பகலில் தோட்டத்து அலுவலகத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ பணி. இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் கீழே படிப்பு. இவ்வாறு படித்துத் தேர்வெழுதியோர் ஊர்தோறும் இருந்தனர். எச்.எஸ்.சி. எனப்பட்ட உயர்நிலைத் தேர்வுக்கு மாற்றாக 1982-இல் எஸ்.டி.பி.எம். வந்தது. ஆறாம் படிவத்தில் இடம் கிடைக்காதவரும் இடம் கிடைத்தும் குடும்பச் சுமையால் போக முடியாதவரும் அதனைத் தனியே எழுதினர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கிய தொலைக்கல்வித் திட்டம், வேலையை விடாமலே பட்டம் பெறும் வாயிலைப் பலருக்குத் திறந்தது. இது நமக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்காவில் 1950-களில் தோன்றிய மேல்நிலைத் தகுதித் தேர்வுகளில் நுண்பொருளியலும் பருப்பொருளியலும் அமெரிக்க அரசாங்கமும் பாடங்களாக உள்ளன. தம் பள்ளியில் அப்பாடம் நடத்தப்படாத மாணவரும் தாமே படித்து அத்தேர்வுகளை எழுதலாம். வாயில் அடைக்கப்பட்ட இடத்தில் சாளரம் தேடுவது எந்நாட்டு இளைஞருக்கும் இயல்பே.

தனியே கற்பவர் பெறும் நன்மைகள் சில உண்டு. அவரைப் படி என்று அதட்டுவார் இல்லை. ஆகவே, படிப்பு அவர்தம் சொந்த விருப்பமாகிறது. புரியாத பக்கத்தைப் பத்து முறை படிக்க வேண்டியிருப்பினும் எள்ளி நகையாடுவார் இல்லை. ஆகவே, பொறுமை அவருக்குப் பழக்கமாகிறது. வாய்ப்புச் செலவு என்று பொருளியல் கூறும் கருத்தை வகுப்பறை மாணவன் மனப்பாடம் செய்கிறான். தனித்தேர்வாளனோ அதனை நாள்தோறும் வாழ்ந்து பார்க்கிறான். இரவில் இரண்டு மணி நேரம் மிகைநேர வேலை செய்தால் கிடைக்கும் கூலியை இழந்தே அவன் நூலைத் திறக்கிறான். ஒன்றைப் பெற இன்னொன்றைக் கைவிட வேண்டும் என்பதை அவனுக்கு எந்த ஆசிரியர் விளக்க வேண்டும்?

இவ்வளவும் உண்மையே. ஆனால், தனிக்கல்வியைப் புகழ்வோர் எடுத்துக்காட்டாகக் கூறும் ஏகலைவன் கதையை இங்கே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். துரோணர் மறுத்துவிட, அவருடைய உருவத்தை மண்ணால் செய்து அதன் முன் வில்வித்தை பயின்றான் ஏகலைவன். அவன் இழந்த கட்டை விரலைப் பற்றியே நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால், அவன் எவ்வாறு கற்றான் என்பதைக் கேட்பதில்லை. மண் உருவம் வாய் திறந்து எந்தப் பிழையையும் திருத்தியிருக்க முடியாது. அவனைத் திருத்தியது இலக்கு. அம்பு குறியைத் தைத்ததா, தவறியதா என்பதை அக்கணமே அவன் கண் கண்டது. தவறிய அம்பு மண்ணில் விழுந்தது. மறுநாள் அவன் கை திருந்தியது. வில்வித்தையில் இலக்கே ஆசிரியன்.

அரசியலிலும் பொருளியலிலும் அத்தகைய இலக்கு உண்டா? சட்டத்தின் ஒரு விதியைப் பிழையாகப் புரிந்துகொண்டவனுக்கு, அப்பிழை அவன் கண்முன் அம்பாக விழுவதில்லை. வேறொரு மனிதரின் வாழ்வில் போய் விழுகிறது. விழுந்த ஓசை அவன் செவிக்கு எட்ட ஆண்டுகள் பல ஆகலாம். எட்டாமலே போதலும் உண்டு. இது நான் நூலில் கற்ற கருத்தன்று.

1984-ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் என் பெற்றோருடன் இருந்தேன். எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் பொருளியலும் பொதுத்தாளும் உள்ளிட்ட பாடங்களைத் தனியே படித்துக்கொண்டிருந்தேன். பொதுத்தாளில் நாட்டின் ஆட்சிமுறை பற்றி எழுத வேண்டி வரலாம் என்று கருதி, அரசமைப்புச் சட்ட நூல் ஒன்றை வாங்கி, மலாய் அகராதியின் துணையோடு வரிவரியாகப் படித்தேன். லயத்து வீடுகளில் "சட்டம் படிக்கிற தம்பி" என்று எனக்குப் பெயர் ஏற்பட்டது. அப்பெயர் எனக்கு இனித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒருநாள் மாலை, எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்த மூதாட்டி ஒருவர் என்னைத் தேடி வந்தார். எல்லாரும் அவரை ஆயா என்றே அழைப்போம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். துணியில் சுற்றியிருந்த சிவப்பு அடையாள அட்டையையும் பழுப்பேறிய ஒரு தாளையும் எடுத்து என் முன் வைத்தார். "தம்பி, நான் நீல அட்டைக்கு எழுதிப் போடலாமா, புத்தகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றார்.

சிவப்பு அட்டையின் பொருளை இளைய வாசகர்கள் அறிந்திராமல் இருக்கலாம். அது நிரந்தரவாசியின் அட்டை. குடிமகனுக்கு உரியது நீல அட்டை. விடுதலைக்குப் பின்னர்க் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தோட்டப்புறத்து மக்கள் பலருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. 1969-இல் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறினர். அந்த அச்சத்தைக் கண்டு வாழ்ந்தவர் ஆயா. ஆகவே, அவர் கேட்ட கேள்வி சிறிய கேள்வி அன்று.

நான் நூலைத் திறந்தேன். குடியுரிமைப் பகுதியைப் புரட்டி, 19-ஆம் விதியை எடுத்துப் படித்தேன். விண்ணப்பிப்பவர் முந்திய 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும்; மலாய் மொழியில் போதிய அறிவு வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுள் அடங்கும். ஆயாவுக்கு மீன்காரரிடம் விலை பேசும் அளவுக்கு மலாய் தெரியும்; எழுதப் படிக்கத் தெரியாது. "போதிய அறிவு வேண்டுமாம் ஆயா, சோதிப்பார்களாம். கடினம்" என்று சொன்னேன். பெருமிதத்தோடு சொன்னேன் என்பதே கொடுமை. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அட்டையையும் தாளையும் மீண்டும் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

தேர்வு முடிந்தது, தேறினேன். பொதுத்தாளில் எனக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது. பின்னர் நகரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்தேன். சேர்ந்த சில மாதங்களில், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க விரும்பிய முதியவர் ஒருவர் வந்தார். கோப்பைத் திறந்த நான் என் அறிவைக் காட்ட எண்ணி 19-ஆம் விதியைக் குறிப்பிட்டேன். வழக்கறிஞர் என்னை நோக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர் எங்கே பிறந்தவர்?"

நான் கேட்கவில்லை. அன்று ஆயாவிடமும் கேட்கவில்லை. அவர் என் முன் வைத்த அந்தப் பழுப்புத் தாள் தோட்டத்து மருத்துவமனையில் எழுதப்பட்ட பிறப்புக் குறிப்பு. அதை நான் பிரித்தே பார்க்கவில்லை. 19-ஆம் விதி வெளிநாட்டில் பிறந்து இங்குக் குடியேறியவர்க்கு உரியது. விடுதலை நாளுக்கு முன் இந்நாட்டிலேயே பிறந்தவர்க்கு 16-ஆம் விதி தனியே உண்டு. அவ்விதி கேட்பது முந்திய 7 ஆண்டுகளில் 5 ஆண்டு வாழ்வும், நல்லொழுக்கமும், நிலையாக இங்கே வாழும் எண்ணமும், மலாய் மொழியில் தொடக்கநிலை அறிவுமே. "போதிய" என்பதற்கும் "தொடக்கநிலை" என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, ஆயாவுக்கும் நீல அட்டைக்கும் இடையே இருந்த தொலைவு. அவர் விண்ணப்பித்திருந்தால் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று நான் உறுதி கூற இயலாது. ஆனால், முயன்று பார்த்திருப்பார். அந்த முயற்சியை அடைத்தவன் நான். இதை நான் உணர்ந்த நாளில் ஆயா உயிரோடு இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வகுப்பறையில் படித்தவன் இப்பிழையைச் செய்திருக்க மாட்டானா? ஆசிரியர்கள் பிழையே செய்யாதவரா? இம்மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதைக் கிளிப்பிள்ளை போலச் சொல்லி, நூறு பேர் கூடியிருந்து ஒரே பிழையைச் செய்வதும் உலகில் உண்டு. ஆகவே, சுவர்கள் நான்கும் பலகை ஒன்றும் சேர்ந்தால் உண்மை பிறந்துவிடும் என்று நான் கூறவில்லை. நான் கூறுவது வேறு. வகுப்பில் ஒருவன் தவறாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவன் சிரிக்கவாவது செய்வான். அச்சிரிப்பு ஒரு பெரிய கொடை. தனியே கற்பவனுக்கு அக்கொடை இல்லை. அவன் தன் பிழையையும் தன் உண்மையையும் ஒரே குரலில் கேட்கிறான், அக்குரல் அவனுடையது.

தேர்வு அவனைத் திருத்தாதா எனின், திருத்தவில்லை என்பதே என் பட்டறிவு. குடியுரிமை வகைகளை விளக்குக என்றால் நான் அழகாக விளக்கியிருப்பேன். ஒரு கிழவி துணியில் சுற்றிய தாளோடு வந்து நின்றால் முதலில் என்ன கேட்பாய் என்று எந்த வினாத்தாளும் என்னைக் கேட்கவில்லை. தேர்வு விடையைச் சோதிக்கிறது. வாழ்க்கையோ நாம் கேட்கும் கேள்வியைச் சோதிக்கிறது. விடையை நூல் தரும். கேள்வியைக் கற்றுத் தர மற்றொரு மனிதர் வேண்டும்.

சட்டத்தைத் தாமே கற்றவர்களுள் தலையாயவராக ஆபிரகாம் லிங்கனைக் கூறுவர். அவர் பள்ளியில் கழித்த காலம் எல்லாம் கூட்டினாலும் ஓராண்டுக்குக் குறைவே. இரவல் வாங்கிய நூல்களைப் படித்து 1836-இல் வழக்கறிஞர் உரிமம் பெற்றார். ஆனால், அவர்தம் கல்வி அங்கே முடிந்துவிடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் எழுந்து நின்று, "அது தவறு" என்று சொல்லக் காத்திருந்தார். மறுப்பாரைப் பெற்றதனால் லிங்கனின் தனிக்கல்வி முழுமை பெற்றது. மறுப்பாரைப் பெறாததனால் என் தனிக்கல்வி ஒரு மூதாட்டியின் மேல் விழுந்தது.

பொருளியலுக்கும் இது பொருந்தும். என் வீட்டுக்கு அருகில் இருக்கும் ஓர் இளம்பெண், தந்தை நோயுற்றதால் ஆறாம் படிவத்தை விட்டு, மளிகைக் கடையில் வேலை செய்துகொண்டே தனித்தேர்வாளராய்ப் படித்தார். பழைய நூல்களை இரவல் பெற அவ்வப்போது என்னிடம் வருவார். ஒருநாள் உச்சவரம்பு விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. சந்தை விலைக்குக் கீழே அரசு ஒரு விலையை வரையறுத்தால் தேவை மிகும், அளிப்புக் குறையும், பற்றாக்குறை தோன்றும் என்று நூல் கூறுகிறது. இரண்டு கோடுகளையும் அவற்றின் குறுக்கே ஒரு கிடைக்கோட்டையும் வரைந்து, இடைவெளியைக் காட்டுகிறது. அவருடைய கடையிலும் அரசு உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கப்பட்டது. வந்த காலையிலேயே தீர்ந்துவிடும். "ஐயா, படத்தில் இடைவெளி எவ்வளவு என்று இருக்கிறது. யாருக்கு இல்லாமல் போகிறது என்று இல்லையே" என்றார் அவர்.

நான் வாயடைத்துப் போனேன். கடைக்கு முதலில் வரக்கூடியவர் யார்? காலையில் வேலைக்குப் போக வேண்டாதவர். மாலையில் வேலை முடிந்து வருபவர் காலியான அடுக்கைப் பார்த்துத் திரும்புகிறார். மலிவு விலை யாருக்காக வகுக்கப்பட்டதோ அவருள் ஒரு பகுதியினருக்கே அது எட்டுவதில்லை. இதைக் கொண்டு விலைக் கட்டுப்பாடு கூடாது என்றோ வேண்டும் என்றோ முடிவு கட்டிவிட முடியாது. ஆனால், அந்தக் கேள்வியைக் கேளாமல் முடிவு கட்டுவது அறமாகாது. அப்பெண் அக்கேள்வியை நூலில் கற்கவில்லை; கல்லாவின் பின்னே நின்று, வெறுங்கையோடு திரும்பியவர்களின் முகங்களில் கற்றார்.

மற்றொரு நாள் அவர் நூலொன்றைக் கொண்டுவந்து இரண்டு இடங்களைச் சுட்டினார். வாக்களிக்கும் வயது 21 என்று ஒரு பக்கம் கூறியது. பொருள், சேவை வரி நடப்பில் உள்ளது என்று இன்னொரு பக்கம் கூறியது. அந்நூல் அச்சான காலத்தில் இரண்டும் உண்மையே. அவ்வரி 2015 ஏப்ரலில் வந்து 2018 ஜூனில் சுழியமாக்கப்பட்டது. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் திருத்தம் 2019-இல் நிறைவேறி 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டேன். "போன தேர்தலில் ஓட்டுப் போட்டபோது எனக்கு 19 வயதுதானே ஐயா. நூல் 21 என்கிறது, என் விரலில் மை இருந்ததே" என்றார்.

2022 நவம்பர் 19-இல் நடந்த அத்தேர்தலை நாமெல்லாரும் அறிவோம். 222 இடங்கள் கொண்ட மக்களவையில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 இடங்கள் எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கவில்லை. 24-ஆம் நாள் புதிய பிரதமர் நியமிக்கப்படும் வரை நாடே காத்திருந்தது. மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று பேரரசர் கருதுபவரைப் பிரதமராக நியமிக்கலாம் என்னும் 43-ஆம் விதி, அதுவரை தேர்வுக்குரிய ஒரு வரியாகவே பலருக்கு இருந்தது. அந்த ஐந்து நாள்களில் அது காப்பிக் கடைப் பேச்சாயிற்று, வீட்டுக் கவலையாயிற்று. ஒரு நாடு தன் சட்டத்தைக் கூடியிருந்து படித்த நாள்கள் அவை என்றே கூறத் தோன்றுகிறது.

பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் சுமித் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியல் பேராசிரியராக இருந்தவர். நாடுகளின் செல்வத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூலை அவர் 1776-இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1759-இல், அறவுணர்வுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நம் செயலை நடுநிலையான பார்வையாளர் ஒருவர் நம்முள்ளிருந்து நோக்குவது போல நாமே நோக்க வேண்டும் என்பது அந்நூலின் உயிர்க்கருத்து. தனித்துக் கற்பவருக்கு வேண்டியது அப்பார்வையாளரே. ஆனால், அவர் நம்முள் தாமாகத் தோன்றிவிடுவதில்லை. பிறர் நம்மைப் பார்த்த பார்வைகளிலிருந்தே அவர் உருவாகிறார். எனக்குள் இருக்கும் அப்பார்வையாளருக்கு ஆயாவின் முகம் இருக்கிறது. இன்று எவர் எந்த ஐயத்தோடு வந்தாலும், நூலைத் திறக்குமுன் அவர் கையில் உள்ள தாளைப் பிரித்துப் பார்க்கும்படி அந்த முகம் என்னைப் பணிக்கிறது.

ஆகவே, தனியே படிக்கும் இளைஞர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான். படிப்பதை நிறுத்தாதீர்கள். பள்ளி வாயில் அடைபட்டது உங்கள் குற்றம் அன்று. ஆனால், கற்றதை நம்பும் முன் ஒருவரிடமாவது சொல்லிப் பாருங்கள். மறுக்கக்கூடிய ஒருவராய்த் தேடிச் சொல்லுங்கள். நூல் அச்சான ஆண்டைப் பாருங்கள். பிறர் வாழ்வைத் தொடும் செய்தியில் "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, தெரிந்தவரிடம் கேட்போம், வாருங்கள்" என்று சொல்லப் பழகுங்கள். அச்சொல் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் பெற்றுத் தராது. எனினும், அன்று அதை நான் சொல்லியிருந்தால், ஆயாவும் நானும் பேருந்தேறி நகரத்துக்குப் போயிருப்போம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். தாமே கற்றவர் எவரேனும் உண்டா? என் தாள்களைத் திருத்தியவர் எவரென்று அறியேன். நூலை எழுதியவர் ஒருவர். அச்சுக் கோத்தவர் ஒருவர். நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தம் உறக்கத்தைக் குறைத்து, விளக்கு என் பக்கம் எரியுமாறு இருளில் பாத்திரம் கழுவியவர் என் தாய். இவர்களை எல்லாம் விலக்கிவிட்டு "நானே படித்தேன்" என்று சொல்ல என் நா எழவில்லை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆம் விதியை உமக்குக் கற்பித்தவர் யார் என்று என்னை எவரேனும் கேட்டால், எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் பெயரையே நான் சொல்ல வேண்டும். அவருக்குச் செலுத்த வேண்டிய ஆசிரியர் காணிக்கை இன்னும் என்னிடமே இருக்கிறது. துணியில் சுற்றிய தாளோடு வருவோர் ஒவ்வொருவரிடமும் அதைச் சிறிது சிறிதாகச் செலுத்தி வருகிறேன்.